லேப்டாப் போர்டில் ஒரு குட்டி டெஸ்க்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்ப்ளே உடைந்தது, கீல் பெயர்ந்தது, கீபோர்டு செத்துப்போனது என்று ஓரம் கட்டிய லேப்டாப் ஒன்று நம் ஊரில் பல வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. உள்ளே இருக்கும் மதர்போர்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் போர்டை வெளியே எடுத்துச் சின்னப் பெட்டியில் பொருத்தி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேர்த்து டெஸ்க்டாப்பாக ஓட்டலாம். சேலத்திலும் ஏற்காட்டிலும் இதைச் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எந்த லேப்டாப் இதற்கு ஏற்றது?

உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற, போர்டு மட்டும் நன்றாக உள்ள லேப்டாப்தான் முதல் தேர்வு. அலுவலகங்களில் பயன்படும் டெல் லாட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், எச்பி எலைட்புக் வகைகள் இந்த வேலைக்கு நன்றாக ஒத்துழைக்கும். பிரிப்பது எளிது, ரேமும் எஸ்எஸ்டியும் (ஹார்டு டிஸ்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு) பல மாடல்களில் தனியே கழன்று வரும், பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருள்) நமக்கு வேண்டிய அமைப்புகள் நிறைய இருக்கும். இன்டெல் 8-ஆம் தலைமுறை யூ வகை (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) பிராசஸர் என்றால் மிகவும் நல்லது. 15 வாட் வகைதான், ஆனால் ஐ5 பிராசஸரிலேயே நான்கு கோர்கள் கிடைக்கும்.

கேமிங் லேப்டாப் போர்டை நான் பரிந்துரைப்பதில்லை. தனி கிராபிக்ஸ் சிப்பும் பிராசஸரும் ஒரே வெப்பக் குழாயைப் பகிர்ந்துகொண்டு கொதிக்கும், பெரிய சார்ஜரும் வேண்டும். குட்டிப் பெட்டி என்ற எண்ணமே அங்கே அடிபட்டுப் போகும்.

அண்ணா, எங்கள் வீட்டில் பிளஸ் டூவில் கொடுத்த அரசு லேப்டாப் இருக்கிறது. அதை வைத்துச் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்தவை பல மாடல்கள், அதனால் உங்களுடையது எது என்று அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். வேகம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்ட முடிந்தால் கூட்டினால், தட்டச்சு, கடைக்கணக்கு, பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றுக்குப் போதும். ரேம் வாங்கும்முன் பழைய ரேமைக் கழற்றி அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கி வந்து பொருந்தவில்லை என்று நிற்பவர்கள் நிறையப் பேர்.

போர்டை மட்டும் விலைக்கு வாங்கிச் செய்யலாமா?

என் அபிப்பிராயம், வேண்டாம். தனியாக விற்கும் பழைய லேப்டாப் போர்டு ஏன் தனியாக வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்குரிய ஃபேன், ஹீட்சிங்க் (பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடுகள்), சார்ஜர் முனை, பட்டன் பலகை எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும். அந்தச் செலவுக்கு, அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் குட்டி டெஸ்க்டாப் ஒன்றையே வாங்கிவிடலாம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பெட்டிகளுக்குள்ளும் லேப்டாப் ரேம்தான் இருக்கிறது, வெளியே லேப்டாப் சார்ஜர்தான் இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் தன் லேப்டாப் போர்டுகளைத் தனியே விற்கிறது. பேட்டரியோ டிஸ்ப்ளேயோ இல்லாமல் யூஎஸ்பி-சி சார்ஜரிலேயே அவை இயங்கும். போர்டின் அளவு வரைபடங்களையும் வெளியிட்டிருக்கிறார்கள், கூலர் மாஸ்டர் அதற்கென்றே ஒரு பெட்டியும் செய்தது. எல்லா லேப்டாப்பும் இப்படி வந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் கையில் இருப்பவை அப்படி வரவில்லை, அதனால்தான் இத்தனை கேள்விகள்.

பிரிப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பெரும்பாலானவர்கள் முதலில் பெட்டியை யோசிக்கிறார்கள். அக்ரிலிக்கா, மரமா, நிறம் என்ன என்று ஆரம்பித்து, கடைசியில் போர்டை உள்ளே வைத்து மூடியபின் ஆன் ஆகவில்லை என்று கலங்குகிறார்கள். எதனால் ஆகவில்லை என்று அப்போது கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் ஒரே நேரத்தில் பத்து விஷயங்கள் மாறியிருக்கின்றன. பெட்டி கடைசி வேலை.

முதலில் முழு லேப்டாப்பை அப்படியே ஒரு வெளி மானிட்டரில் இணைத்து ஓட்டுங்கள். யூஎஸ்பி துளைகள், வைஃபை, ஒலி எல்லாவற்றையும் சோதியுங்கள். ஒரு மணி நேரம் வீடியோ ஓட விட்டுத் தானாக அணைகிறதா என்று பாருங்கள். பயாஸுக்குள் நுழைய முடிகிறதா என்பது மிக முக்கியம். அலுவலகத்திலிருந்து வந்த லேப்டாப் என்றால் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். அது தெரியாவிட்டால் மேற்கொண்டு போகவே வேண்டாம்.

அப்புறம் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். இப்போது சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். ஓடுகிறதா? சரி. மறுபடி அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, டிஸ்ப்ளே கேபிளைக் கழற்றி, சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். அடுத்து கீபோர்டு, அடுத்து டச்பேட், அடுத்து ஸ்பீக்கர். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பார்க்க வேண்டும். எதைக் கழற்றியதும் முரண்டு பிடிக்கிறதோ, அதுதான் உங்கள் போர்டு கேட்கிற உறுப்பு. அதைப் பெட்டிக்குள் கூடவே வைத்தாக வேண்டும்.

சில போர்டுகள் பிடிவாதக்காரர்கள். திங்க்பேட் ஃபேன் சுற்றாவிட்டால் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். எச்பியும் ஃபேன் பற்றிப் புகார் சொல்லும். டெல்லில் சார்ஜர் பற்றிய எச்சரிக்கை வந்தால் பல மாடல்களில் பயாஸிலேயே அதை நிறுத்தலாம். இதையெல்லாம் மேசைமேல் விரித்து வைத்திருக்கும்போதே தெரிந்துகொண்டால், பெட்டி செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

ரிப்பன் கேபிள் கழற்றும்போது இழுக்காதீர்கள். கவ்வியிருக்கும் சின்ன மூடியை நகத்தால் மேலே தூக்கிவிட்டால் கேபிள் தானாக வரும். சில கவ்விகள் மேலே திறக்கும், சில வெளியே நகரும். உற்றுப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பேட்டரி இல்லாமல் முழு வேகத்தில் ஓடுமா?

பெரும்பாலானவை ஓடும். சில மாடல்கள் பேட்டரி இல்லை என்று தெரிந்ததும் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று அதிக மின்சாரம் தேவைப்படும்போது பேட்டரியும் கைகொடுக்கும் என்று நம்பி வடிவமைத்ததுதான் காரணம். இன்டெல் காலத்துப் பழைய மேக்புக்குகள் இதற்குப் பேர்போனவை. பேட்டரியைக் கழற்றியபின் பிராசஸர் எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. நேரத்தைக் காக்கும் தனி பட்டன் செல் இல்லாத மாடல்களில் பேட்டரியை எடுத்தால், சார்ஜரைப் பிடுங்கும்போதெல்லாம் நேரமும் தேதியும் அழிந்துபோகும். தேதி தவறாக இருந்தால் பல இணையதளங்கள் திறக்காது. இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று நினைத்து மோடத்தைக் குறை சொல்லாமல், முதலில் தேதியைப் பாருங்கள்.

பேட்டரியையும் பெட்டிக்குள் வைத்துவிட்டால் யூபிஎஸ் மாதிரி ஆகுமே?

ஆகும், கரண்ட் போனாலும் அணையாது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. பேட்டரி உப்பியிருக்கக் கூடாது, துளியும் கூடாது. பயாஸில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்க வேண்டும், ஏனென்றால் வருடம் முழுக்க நூறிலேயே, அதுவும் சூட்டிலேயே இருக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும், உப்பும். ஹீட்சிங்கின் சூடான காற்று படாத இடத்தில், கூர்மையான ஸ்க்ரூ முனை எதுவும் படாமல், தனி அறை போலப் பிரித்து வைக்க வேண்டும். இவ்வளவும் செய்ய முடியாது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பேட்டரி தேவையே இல்லை. இந்த மாதிரிப் போர்டும் ஒரு சின்ன எல்இடி மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் பழைய சீலிங் ஃபேனைவிடக் குறைவாகத்தான் இழுக்கும்.

வேறு சார்ஜர் போடலாமா?

வோல்ட் பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. 65 வாட் சார்ஜர் என்றால் லெனோவாவில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர். டெல்லில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். டெல், எச்பி சார்ஜர்களின் முனைக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜர் தன்னுடையதுதானா என்று போர்டு அதன் வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பதில் வராவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடும். மலிவுச் சார்ஜர் வாங்கிவிட்டு, லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று சொல்பவர்கள் பலருக்கும் பிரச்சினை அந்த ஊசியில்தான்.

யூஎஸ்பி-சி வழியாக 65 வாட் வேண்டுமென்றால் கேபிளையும் பார்த்து வாங்குங்கள். 3 ஆம்பியருக்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

உலோகப் பெட்டி என்றால் மூன்று ஊசி உள்ள, எர்த் இணைந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். இரண்டு ஊசிச் சார்ஜரில் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும்.

பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கிறது. கீபோர்டு இல்லாமல் எப்படி ஆன் செய்வது?

முதலில் பயாஸைத் தேடுங்கள். சார்ஜருக்கு மின்சாரம் வந்ததும் தானே ஆன் ஆகும் அமைப்பு அலுவலக மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. அது இருந்தால் சுவர் சுவிட்சே உங்கள் பவர் பட்டன். இல்லாவிட்டால் பட்டன் சின்னப் பலகையில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதை ரிப்பனோடு பெட்டிக்கு மாற்றுங்கள். கீபோர்டோடு சேர்ந்தே இருந்தால், அந்த மாடலின் சர்க்யூட் படத்தைப் பார்த்துப் பட்டன் புள்ளிகளில் இரண்டு ஒயர் பற்றவைக்க வேண்டும். மொபைல் சர்வீஸ் செய்யும் நல்ல கைக்காரரிடம் கொடுங்கள். கண்டபடி இரண்டு ஊசிகளைத் தொட்டுப் பார்ப்பது போர்டைக் கொல்லும்.

ஆன் ஆகிறது, ஆனால் மானிட்டரில் எதுவும் வரவில்லை.

ரேமைக் கழற்றி மாட்டுங்கள். எச்டிஎம்ஐக்குப் பதில் வேறு துளை இருந்தால் அதில் முயலுங்கள். லேப்டாப்பின் டிஸ்ப்ளே மூடி சாத்தியிருப்பதை உணரும் காந்த சென்சார் பல போர்டுகளில் இருக்கும். பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தமோ காந்த ஸ்க்ரூடிரைவரோ இருந்தால், மூடியிருக்கிறது என்று நினைத்து உறங்கிவிடும்.

வைஃபை சிக்னல் கிடைப்பதே இல்லை, ஏன்?

லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் டிஸ்ப்ளே மூடிக்குள் இருக்கும். அதைக் கழற்றியதும் வைஃபை கார்டு ஊமையாகிவிடும். பழைய ஆன்டெனா ஒயர்களையே பத்திரமாக உரித்தெடுத்துப் பெட்டிச் சுவரில் ஒட்டலாம். அல்லது கார்டுக்குப் பொருந்தும் முனையுள்ள ஒயரும் வெளி ஆன்டெனாவும் வாங்கலாம். உலோகப் பெட்டி என்றால் ஆன்டெனா வெளியேதான் இருக்க வேண்டும். மேசையிலேயே இருக்கப்போகிற கம்ப்யூட்டர் என்றால், மோடத்திலிருந்து கேபிளே இழுத்துவிடுங்கள்.

பெட்டிக்கு எவர்சில்வர் டப்பா பயன்படுத்தலாமா?

கஞ்சமலை அடிவாரத்து இரும்பாலையில் எவர்சில்வர் தகடு உருளும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்பேன். எவர்சில்வரில் சுத்தமாகத் துளை போடுவது சாதாரண டிரில்லுக்குக் கடினம், பிசிறு கையைக் கிழிக்கும். உலோகம்தானே, சூட்டை இழுத்து வெளியே விடும் என்ற நம்பிக்கையும் பலிக்காது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட எவர்சில்வர் கடத்தாது. வைஃபையையும் மறைத்துவிடும்.

என் தேர்வு 3 மி.மீ. அக்ரிலிக். நேம் போர்டு செய்யும் கடைகளில் லேசரில் வெட்டித் தருவார்கள். போர்டை ஒரு தாளில் வைத்து ஸ்க்ரூ துளைகளையும் ஓரத் துளைகளையும் குறித்துக் கொடுத்தால் போதும். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவே பித்தளைத் தூண்கள், பக்கங்கள் திறந்தபடி. இதைவிட எளிய பெட்டி கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் பக்கங்களுக்கு வலை போடுங்கள்.

ப்ளைவுட்டும் நல்லதுதான். 3டி பிரிண்ட் செய்வதானால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரி வாக்கிலேயே அது இளக ஆரம்பிக்கும். ஹீட்சிங்க் வாயிலிருந்து வரும் காற்று பட்டே வளைந்துவிடக்கூடும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் தாங்கும்.

எந்தப் பெட்டியானாலும் போர்டில் ஏற்கெனவே இருக்கும் துளைகளை மட்டும் பயன்படுத்துங்கள். புதுத் துளை போட்டால் உள்ளே அடுக்கடுக்காக ஓடும் இணைப்புகள் அறுந்துவிடும்.

சேலம் வெயிலில் தாங்குமா?

ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. தகரக் கூரை வீடு, மொட்டை மாடி அறை என்றால் உள்ளே இன்னும் மோசம். அறையின் சூடு பத்து டிகிரி ஏறினால் பிராசஸரின் சூடும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். இன்டெல்லின் இந்த வகைப் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரி வாக்கில் தம்மைத் தாமே மெதுவாக்கிக்கொள்ளும்.

பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டித் துடைத்துப் புதுசு போடுவது கட்டாயம். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது காற்றின் வழி. லேப்டாப் உடலுக்குள் இருந்தபோது ஃபேன் அடியிலிருந்து காற்றை இழுத்து ஓரமாகத் தள்ளியது. இழுக்கும் வழியும் தள்ளும் வழியும் அங்கே தனித்தனி. பெட்டியில் அந்தத் தடுப்பு இல்லாவிட்டால், வெளியே தள்ளிய சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். ஃபேனுக்கு நேராகப் பெட்டியில் ஒரு வட்டத் துளை போட்டு, துளைக்கும் ஃபேனுக்கும் நடுவே ஃபோம் பட்டை ஒட்டுங்கள். ஹீட்சிங்க் வாயைப் பெட்டியின் விளிம்போடு சேர்த்து வையுங்கள். இந்த ஒரு பட்டையில் கிடைக்கும் பலன் கூடுதலாக ஒரு ஃபேன் வைத்தாலும் கிடைக்காது.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓடும் வீடுகளுக்கு ஒரு தனி வார்த்தை. சாதாரணத் தூசியைவிடப் பஞ்சு மோசம். ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கு முன்னால் பாய் விரித்த மாதிரி படிந்து காற்றை முழுசாக அடைத்துவிடும். காற்று உள்ளே போகும் துளையில் மெல்லிய வலை கட்டி, அதை அடிக்கடி உருவித் தட்டுங்கள். வலையைச் சுத்தம் செய்வது நொடி வேலை, பெட்டியைப் பிரிப்பது அப்படியல்ல.

ஏற்காட்டில் வைப்பதானால் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

சூட்டைப் பொறுத்தவரை ஏற்காடு கொடுத்து வைத்த இடம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு, ஃபேன் தள்ளும் காற்று அந்த அளவுக்குக் குறைவாகவே வெப்பத்தை எடுத்துப் போகும். ஆனால் கோடையிலேயே கீழே இருப்பதைவிடப் பத்து டிகிரி குறைவு என்பதால் மொத்தத்தில் லாபம்தான்.

அங்கே எதிரி ஈரம். ஜன்னல் வழியாக மேகமே அறைக்குள் வரும் நாட்களில், அணைத்துக் கிடக்கும் போர்டில்தான் ஈரம் படியும். ஓடிக்கொண்டிருக்கும் போர்டு அறையைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதால் அதில் படியாது. அதனால் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்து வைப்பதைவிடத் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுவது நல்லது. காற்றுத் துளை உள்ள பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதில் பயன் இல்லை. எம்டிஎஃப் பலகையில் (மரத்தூளை அழுத்திச் செய்தது) பெட்டி செய்யாதீர்கள், ஈரம் குடித்து உப்பும். நீண்ட நாள் கழித்து ஆன் ஆகாவிட்டால், ரேமின் முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும்.

எஸ்டேட் பக்கம் வோல்டேஜ் குறைவது பற்றிக் கவலை வேண்டாம், நல்ல சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். இடியைப் பற்றிக் கவலைப்படுங்கள். கோடை மழையில் மின்னல் வெட்டினால் சார்ஜரோடு லேன் கேபிளையும் பிடுங்குங்கள். பலரும் சார்ஜரை மட்டும் பிடுங்கிவிட்டு, போர்டை லேன் வழியாக இழக்கிறார்கள்.

சோலார் பேட்டரி மட்டும் உள்ள வீடு என்றால், போர்டு யூஎஸ்பி-சி சார்ஜ் ஏற்பதாக இருந்தால் 12 வோல்ட்டில் இயங்கும் 65 வாட் கார் சார்ஜர் போதும். இன்வெர்ட்டரில் வீணாகும் மின்சாரம் மிச்சம்.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல்லில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தைய போர்டுகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் போடுங்கள். தமிழ்த் தட்டச்சும் அதில் நன்றாகவே இயங்கும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் தேவைப்பட்டால், அதை முதலில் யோசித்துவிட்டுப் போர்டைத் தேர்ந்தெடுங்கள்.

கழற்றிய டிஸ்ப்ளேயை மானிட்டராக்கலாமா?

உடையாமல் இருந்தால் ஆக்கலாம். பேனலின் பின்னால் உள்ள மாடல் எண்ணைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் கன்ட்ரோலர் போர்டு (எச்டிஎம்ஐ சிக்னலைப் பேனலுக்கு ஏற்ப மாற்றித் தரும் சின்னப் பலகை) வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ தேடுங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு சேர்க்க முடியுமா?

வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி பவர் சப்ளை வேண்டும். அப்போது இது குட்டிக் கம்ப்யூட்டராக இருக்காது.

டிஸ்ப்ளே மட்டும்தான் உடைந்திருக்கிறது. இவ்வளவும் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். டிஸ்ப்ளே மூடியை மட்டும் கழற்றிவிட்டு, கீழ்ப்பாதியை அப்படியே மானிட்டரோடு இணைத்து ஓட்டுங்கள். கீபோர்டு, பவர் பட்டன், ஃபேன், காற்று வழி எல்லாம் தொழிற்சாலை வைத்தபடியே இருக்கும். வைஃபை ஆன்டெனாவை மட்டும் கவனித்தால் போதும். கீழ் உடலும் நொறுங்கியிருந்தால்தான் பெட்டி.

மிச்சமான உடல், பழைய பேட்டரியை என்ன செய்வது?

மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர் வழியாகக் கொடுங்கள், குப்பை வண்டியில் போடாதீர்கள். கீல், ஸ்க்ரூ, ரிப்பன் கேபிள்களை ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு உதவும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. முனைகளை டேப்பால் மூடி, மணல் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வைத்து, தள்ளிப்போடாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.